மாதிரியாரின் வலது தோள்

ஒரு நாட்டின் தரைப்படையில் ஒவ்வொரு சிப்பாயின் கையிலும் இருக்கும் துப்பாக்கி, கேன்டீனில் உருளைக்கிழங்கு சீவும் ஒரு மனிதருடைய தோளுக்கு அளவெடுத்துச் செய்தது என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை. நம்ப வேண்டாம், அவர் மனைவியே நம்பவில்லை. கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொன்னபோது, புதுப் பெண்டாட்டியை மயக்க ஆண்பிள்ளைகள் என்னென்ன அளக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். பிறகு ராணுவத்து ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்று, இரண்டு பேர் இறங்கி, அவருடைய தோளை மட்டும் விசாரித்துவிட்டுப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது.

அவர் வேலை பார்த்தது ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில். ஆனால் துப்பாக்கிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொழிற்சாலைக் கேன்டீனின் பின்கட்டில் ஒரு முக்காலி, எதிரே தண்ணீர் நிரப்பிய தகரத் தொட்டி, கையில் வளைந்த சின்னக் கத்தி. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை கிழங்கு. மூட்டைகள் பின்வாசலில் வந்து இறங்கும், அங்கிருந்து முற்றத்தைக் கடந்து சமையல்கட்டுக்கு அவர்தான் சுமந்து வர வேண்டும். சமையல்கட்டுக் கதவு ஒரு பிடிவாதக்காரக் கதவு. இடது கையால் தாழைத் தூக்கிப் பிடித்து, இடுப்பால் ஓர் இடி இடித்தால்தான் வழிவிடும். அதனால் மூட்டை எப்போதும் வலது தோளுக்குத்தான். வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களிலேயே வலது தோள் சரிந்து இறங்கிவிட்டது. கிழங்கு சீவுகிறவன் நேராக இருக்கிறானா கோணலாக இருக்கிறானா என்று எவன் பார்க்கப்போகிறான் என்று அவரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அந்தக் காலத்தில் ராணுவத்தில் இருந்தது தாத்தாக்கள் போட்ட சண்டையில் மிஞ்சிய பழைய துப்பாக்கி. ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். ஒரு தோட்டா சுட்டதும் பக்கத்துத் தாழை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்தது வரும். மழையில் நனைந்தால் அதுவும் வராது. அணிவகுப்பில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு போக அதைவிட அழகான துப்பாக்கி கிடையாது என்பார்கள். எல்லையில் நடந்த ஒரு சண்டையில், எதிரி படபடவென்று சுட்டுக்கொண்டிருக்க, நம் ஆட்கள் தாழை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் அரசாங்கத்துக்குத் தூக்கம் கலைந்தது. முழுக்க முழுக்க நம் நாட்டுத் துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று ஒரு குழுவைப் போட்டார்கள்.

குழு என்ன செய்தது தெரியுமா? பிடிபட்ட துப்பாக்கிகளையெல்லாம் மேசைமேல் பரப்பிப் பிரித்துப் போட்டது. குழல் ஒரு நாட்டுத் துப்பாக்கியிலிருந்து, உள்ளே இருக்கும் பொறி இன்னொரு நாட்டுத் துப்பாக்கியிலிருந்து, தோட்டாப் பெட்டி மூன்றாவது நாட்டிலிருந்து. அப்படியே காப்பி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, நம்முடையது என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது தோளில் வைத்துக்கொள்ளும் பின்கட்டை மட்டும்தான். ஆகவே நாட்டின் மானம் முழுவதும் அந்தக் கட்டையில் வந்து உட்கார்ந்தது. நம் கட்டை நம் ஆளின் தோளுக்கு அச்சாகப் பொருந்த வேண்டும் என்று முடிவானது. படையிலிருந்து நடுத்தர உயரமுள்ள ஒரு சிப்பாயைத் தேர்ந்தெடுத்துத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள்.

அந்தச் சிப்பாய் வந்து சேர்ந்த அன்று காலை வயிறு கெட்டுக் கழிப்பறைக்குள் போனவன், போனவன்தான். அமைச்சர் மதியம் வந்து முதல் கட்டையைப் பார்ப்பதாக ஏற்பாடு. குழுவின் தலைவர் அடர்ந்த மீசை வைத்த ஓர் அதிகாரி. பொறுமை என்பதைப் படையில் சேரும்போதே வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தவர். அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முற்றத்தில் ஓர் ஆள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். நெட்டையும் இல்லை, குட்டையும் இல்லை. அந்த ஆளைக் கூட்டி வரச் சொன்னார் மீசைக்காரர்.

நேராக நிற்கச் சொன்னார்கள். நம் கிழங்குக்காரர் தம்மால் முடிந்த அளவு நேராக நின்றார். ஒரு பலகையைத் தோளில் வைத்து, அதில் பென்சிலால் கோடு இழுத்தார்கள். ராணுவத்தில் வேலை பார்த்தது உண்டா என்று கேட்டார்கள். சேர்ந்த நாள் முதல் ராணுவத்துக்குத்தான் கிழங்கு சீவுகிறேன் என்று அவர் சொன்னார். ராணுவப் பணி உண்டு என்று குறித்துக்கொண்டார்கள். மதியம் அமைச்சர் வந்து கட்டையைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினார். கட்டையின் அடிப்பக்கம் சரிவாக இறங்கியிருப்பதைக் காட்டி இது ஏன் என்று கேட்டதற்கு, நம் நாட்டு மனிதனின் தோள் அப்படி என்று மீசைக்காரர் பதில் சொன்னார். கழிப்பறையிலிருந்து சிப்பாய் வெளியே வந்தபோது அவனுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

அன்றிலிருந்து எல்லாக் கடிதங்களிலும் அவர் ‘மாதிரி மனிதர்’ ஆனார். தொழிற்சாலையில் மரியாதையாக ஒரு ‘யார்’ சேர்த்து மாதிரியார் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நாளடைவில் வீட்டுக்கு வரும் தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். பட்டம் வந்ததே தவிர முக்காலியும் தொட்டியும் மாறவில்லை.

துப்பாக்கி என்றால் சில வருஷங்களுக்கு ஒருமுறை அதில் ஒரு திருத்தம் செய்வார்கள். இல்லாவிட்டால் குழு எதற்கு? ஆனால் மாதிரியை மட்டும் மாற்றக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஆளை மாற்றினால் பழைய அளவோடு புதிய அளவை எப்படி ஒப்பிடுவது என்பது மீசைக்காரரின் வாதம். அவருடைய தோளுக்குச் சுண்ணாம்பில் ஓர் அச்சு எடுத்து வைத்தார்கள். அதை யாரோ கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து, கதவு உதைத்து நொறுங்கிப்போனது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் மாதிரியார் நேரில் போய் நின்றார்.

முதல் திருத்தம் வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்ததில் மார்பில் சதை போட்டிருந்தது. துப்பாக்கிக் கட்டையின் நீளத்தில் ஒரு விரல் அகலம் குறைத்தார்கள். இரண்டாவது திருத்தம் கோடைக்காலத்தில். தோளில் ஒரு வெயில் கட்டி பழுத்து நின்றது. பலகையை வைத்தபோது அவர் துடித்துப்போனதால், அந்த இடத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டார்கள். கட்டி நாலு நாளில் உடைந்து ஆறிவிட்டது. குழிவு மட்டும் நாட்டின் எல்லாத் துப்பாக்கியிலும் நிலைத்துவிட்டது. மூன்றாவது திருத்தத்துக்கு முந்தின நாள் அவர் தலையணை இல்லாமல் படுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. குறிபார்க்கும் முள்ளை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினார்கள். அதற்கப்புறம் வந்த அணிவகுப்புப் படங்களைப் பாருங்கள், மொத்தப் படையும் தலையைச் சாய்த்து யாரோ சொல்லும் ரகசியத்தைக் கேட்பதுபோல நிற்கும்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? பயிற்சிக் கல்லூரியில் இதற்கெல்லாம் வகுப்பு நடந்தது. கட்டை குறுகியது பதுங்குகுழிக்குள் திரும்ப வசதியாக இருக்கும் என்பதற்காக. குழிவு பின்னுதைப்பை விழுங்குவதற்காக. முள் நகர்ந்தது எதிரி எப்போதும் இடப்பக்கமிருந்தே வருவான் என்ற ஆழ்ந்த கணிப்பால். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து, அந்தக் குழிவை மட்டும் விதவிதமாகப் படமெடுத்துக்கொண்டு போய், தங்கள் துப்பாக்கியிலும் அப்படியே குடைந்துகொண்டது. சிப்பாய்களுக்கு அந்தக் குழிவு மிட்டாய் ஒளித்துவைக்கத்தான் பயன்பட்டது. மாதிரியார் இதையெல்லாம் கேள்விப்பட்டு வந்து வீட்டில் சொல்லுவார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

“உங்க கட்டிக்குக் கிடைச்ச மரியாதையில பாதி உங்களுக்குக் கிடைச்சிருந்தா நாம எங்கயோ போயிருப்போம்” என்பாள்.

அந்த அம்மாள் வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவள். உயரமானவள், நீண்ட கைக்காரி, ஏணி இல்லாமலே பாதிச் சுவரை முடித்துவிடுவாள். தோள் இரண்டும் சட்டம் அடித்த மாதிரி நேராக இருக்கும். சுவரில் பட்டை இழுக்க ரசமட்டம் ஒன்று வைத்திருந்தாள். மரச்சட்டத்தில் சின்னக் கண்ணாடிக் குழாய் பதித்தது, அதற்குள் ஒரு குமிழி ஓடும். சட்டம் நேராக இருந்தால் குமிழி நடுவில் நிற்கும். அவர்களுக்கு ஒரே மகள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, வேலை முடிந்து வந்த அம்மா விளையாட்டாக அந்த ரசமட்டத்தை அவள் தோள்களின் குறுக்கே பின்பக்கமாக வைத்துப் பார்ப்பாள். குமிழி அசையாமல் நடுவில் நிற்கும். அம்மாவுக்குப் பெருமை தாங்காது. அடுத்தது அப்பா முறை. அவர் தோளில் வைத்ததும் குமிழி ஓட்டமாக ஓடி மூலையில் முட்டிக்கொள்ளும், மகள் கைதட்டுவாள்.

எதிர்வீட்டு அக்கா ஒருத்தி உண்டு. மகள் பிறந்த அன்று தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பன் ஜாடை துளிகூட இல்லையே என்று சொன்னவள். அதை அதோடு விட்டாளா? பள்ளிக்கூடம் போகும்போது, திரும்பி வரும்போது, கண்ணில் படும்போதெல்லாம் அதையே சொன்னாள். உண்மையும் அதுதான். முகம், உயரம், கை, தோள் எல்லாம் அம்மா. மாதிரியார் வெளியே சிரித்துக்கொள்வார். உள்ளே அவருக்கு வருத்தம் இருந்தது. நாட்டில் துப்பாக்கி தூக்கும் அத்தனை பேரிடமும் என் தோள் இருக்கிறது, பெற்ற மகளிடம் மட்டும் இல்லை என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னார். அது மகள் செய்த புண்ணியம் என்றாள் மனைவி.

அந்த நாட்டில் இருபது வயதானால் ஆணானாலும் பெண்ணானாலும் இரண்டு வருஷம் படையில் இருந்தாக வேண்டும். மகளுக்கும் ஓலை வந்தது. தரைப்படையில் போட்டார்கள். முதல் விடுப்பில் அவள் வீட்டுக்கு வந்தபோது வலது கண்ணுக்குக் கீழே கன்னம் கன்றிக் கருத்திருந்தது. யார் அடித்தது என்று அம்மா கேட்டாள். யாரும் அடிக்கவில்லை, துப்பாக்கிதான் என்றாள் மகள். அவளுடைய நேரான தோளில் அந்தச் சரிவான கட்டை உட்காரவே இல்லை. கீழ்முனை மட்டும் தொடும், மேல்பகுதி காற்றில் நிற்கும். விசையை இழுத்ததும் துப்பாக்கி எகிறி வந்து கன்னத்தில் அறையும். இவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை, பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம் கன்னம் வீங்கித்தான் திரிந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பெண்ணுக்குக் கொஞ்சம் மேலே பட்டு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது.

மாதிரியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார். பயிற்சி முடிய இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது, தினமும் சுட வேண்டும். அவள் கண்ணுக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே இருந்தது இரண்டு விரல் இடம்.

“பயிற்சி கொடுக்கறவர்கிட்ட சொன்னியாம்மா?”

“சொன்னேம்பா. துப்பாக்கி சரியாத்தான் இருக்கு, உன் தோள்தான் தப்புங்கறார்.” பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: “அது உங்க தோள்னு நான் யாருகிட்டயும் சொல்லலப்பா.”

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அது அவருக்கு ஊசி குத்தினமாதிரி இருந்தது. விடுப்பு முடிந்து அவள் போனதும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து யோசித்தார்கள். அடுத்த திருத்தத்துக்கான அழைப்பு ஏற்கெனவே வந்திருந்தது. நாட்டிலேயே அந்தத் துப்பாக்கியை மாற்றும் சக்தி அவருடைய தோளுக்கு மட்டும்தான் இருந்தது. தோள் நிமிர்ந்தால் கட்டை நிமிரும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கையில் தொங்கிப் பார்த்தார், கைதான் நீண்டது. மனைவி தோளில் எண்ணெய் போட்டு இழுத்து நீவினாள், நிலைகொள்ளாத வலிதான் மிச்சம். கடைசியில் அவள் தன்னுடைய வண்ணம் துடைக்கும் துணிகளைச் சுருட்டி, சட்டைக்குள் வலது தோளில் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள். குமிழி நடுவில் நின்றது. பச்சை வண்ணம் மணக்க மணக்க மாதிரியார் கிளம்பினார்.

மீசைக்காரருக்கு இப்போது மீசை நரைத்து, பதவி பல படி ஏறியிருந்தது. மாதிரியாரைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகொடுத்து, சட்டையைக் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றித்தான் அளவெடுப்பார்கள் என்பது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே அந்த அவசரத்தில் நினைவில்லாமல் போனது. கழற்றிய வேகத்தில் தையல் விட்டு, துணிச்சுருள் மேசைமேல் விழுந்தது.  மாதிரியார் வெற்றுடம்போடு கூனிக்குறுகி நின்றார். பிறகு, இனிமேல் இழக்க ஒன்றும் இல்லை என்ற துணிச்சலில் வாயைத் திறந்தார்.

“சார், அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப நான் அப்பதான் மூட்டைய இறக்கி வச்சேன். இது பிறந்தப்ப இருந்த தோள் இல்ல சார். மூட்டை அழுத்தி அழுத்தி இறங்கினது. மத்தவங்க தோள் இப்படி இருக்காது. அதான் எல்லாருக்கும் அடிபடுது.”

மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. கன்னம் வீங்கியவர்களைப் பற்றி வருஷக்கணக்கில் வந்த புகார்கள் அந்த அறையிலேயே ஓர் அலமாரி நிறைய இருந்தன. அவர் எழுந்துவந்து மாதிரியாரைச் சட்டையில்லாத உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். காரணம் தெரியாமல் இத்தனை வருஷம் தவித்ததாகவும், ஒரு வார்த்தையில் முடிச்சை அவிழ்த்துவிட்டீர்கள் என்றும் சொன்னார். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் நின்றது. மாதிரியார் சந்தர்ப்பத்தை விடாமல் மகளைப் பற்றிச் சொன்னார்.

“கவலைப்படாதீங்க. உங்க பொண்ணுக்குத் துப்பாக்கி கச்சிதமா உக்காரும். அதுக்கு நான் பொறுப்பு” என்றார் மீசைக்காரர்.

அடுத்த நாள் அவரே கேன்டீனின் பின்கட்டுக்கு வந்துவிட்டார். அன்று சுமந்த மூட்டை எவ்வளவு கனம் இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். ஆராய்ச்சிக்குத்தான் கேட்கிறார் என்று மாதிரியார் நினைத்தார். அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றிப் பார்த்தார். இது கொஞ்சம் லேசு, இது கொஞ்சம் கனம் என்று கழித்துக் கழித்து, கடைசியில் ஒன்றைத் தட்டிக் காட்டி, இதேதான் சார் என்றார். அதை அலுங்காமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று வீட்டுக்குப் போனவர், கட்டையை மாற்றப்போகிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

சில வாரங்களில் பின்வாசலுக்கு லாரிகள் வர ஆரம்பித்தன. கிழங்கு மூட்டைகள் இறங்குவதற்குப் பதிலாக ஏறின, ஒவ்வொன்றும் தராசில் வைத்து ஒரே கனமாக நிறுத்துக் கட்டியது. எங்கே போகிறது என்று மாதிரியார் ஓட்டுநரைக் கேட்டார். பயிற்சி முகாமுக்கு என்றார் அவர். போகட்டும், பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்று மாதிரியாருக்கு அதிலும் ஒரு திருப்தி. மனைவிதான் வண்ணக் கறை படிந்த கையை உதறிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

“சாப்பிடறதுக்கு எதுக்குங்க எல்லா மூட்டையும் ஒரே கனமா இருக்கணும்?”

 ராணுவத்தில் எல்லாமே ஒரே அளவாகத்தான் இருக்கும் என்று அவர் ஏதோ சொல்லிவைத்தார். ஆனால் அன்றிலிருந்து லாரிச் சத்தம் கேட்டால் அவருக்குக் கத்தி பிடித்த கை நின்றுவிடும்.

பயிற்சி முடிந்து மகள் வந்தாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் மாதிரியார் ஓடிப்போய் அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கன்னம் தெளிவாக இருந்தது. இரண்டு கண்ணும் பத்திரமாக இருந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே வந்து பையை இறக்கி வைத்தாள். பை இறங்கிய பிறகும் வலது தோள் மேலே வரவில்லை.

அவளுக்கு அதைப் பற்றிச் சொல்லச் சொல்ல வாய் ஓயவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஆளுக்கொரு மூட்டை, வலது தோளில். ஓடுவது, நடப்பது, பல் தேய்ப்பது எல்லாம் அதோடுதான். முதலில் கிழங்குதான் இருந்ததாம். அது முளைவிட்டு, சிலருக்குச் சட்டைக்குள் வேர் நுழைந்ததால் மணலாக மாற்றினார்களாம். இப்போது அதற்குப் பெயர் கிழங்கு மூட்டை, முதல் மாதிரி. பித்தளைத் தகட்டில் எண் அடித்து, துப்பாக்கியோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறார்கள். அதிலும் ஒரு திருத்தம் வந்து, மூட்டையின் வாருக்கு மெத்தை வைத்து, மெத்தையால் தோள் இறங்கவில்லை என்று அடுத்த திருத்தத்தில் எடுத்துவிட்டார்களாம்.

“இப்ப துப்பாக்கி எப்படி உக்காருது தெரியுமாப்பா? ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. எங்க செட்டுலயே குறிபாக்கறதுல நான்தான் முதல். பயிற்சி கொடுக்கறவர் சொன்னது சரிதான், துப்பாக்கி அப்பவே சரியாத்தான் இருந்திருக்கு.”

அம்மா உள்ளே போய் ரசமட்டத்தை எடுத்து வந்தாள். மகளைத் திரும்பி நிற்கச் சொன்னாள். பழைய விளையாட்டு என்று மகள் சிரித்துக்கொண்டே நின்றாள். சட்டத்தைத் தோள்களின் குறுக்கே வைத்ததும் குமிழி ஓடிப்போய் மூலையில் முட்டிக்கொண்டது. அம்மா அதை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். திரும்பவும் ஓடியது.

“நேராத்தான் பெத்துக் குடுத்தேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

மாதிரியார் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். எந்த மூட்டை என்று தேடித் தேடி எடுத்துக் கொடுத்த கை அவருடைய கைதான். கட்டையை மாற்றச் சொல்லப் போனவர் மகளை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் மீசைக்காரரிடம் போய் நின்றார். அவர் மாதிரியாருக்குத் தேநீர் வரவழைத்து, அலமாரி காலியாகிவிட்டதைத் திறந்து காட்டினார். ஒரு துப்பாக்கியில்கூடக் கைவைக்காமல் பிரச்சினை தீர்ந்தது உலகத்திலேயே இதுதான் முதல் தடவை என்றார். பணி முடிந்தபிறகு தோள் திரும்ப ஏறிவிடுமா என்று மாதிரியார் கேட்டார். அந்தக் கேள்வி மீசைக்காரருக்குப் புரியவே இல்லை.

“எதுக்கு ஏறணும்? திரும்பக் கூப்பிட்டா வர வேண்டியதுதானே?” என்றார்.

விடுப்பு முடிந்தது. காலையில் அம்மா வாசலோடு நின்றுகொண்டாள், பஸ் நிறுத்தம் வரை வரவில்லை. அப்பாவும் மகளும் தெருவில் சேர்ந்து நடந்தார்கள். எதிர்வீட்டு அக்கா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குனிந்து இரண்டு பேரையும் பின்னாலிருந்து பார்த்தவள், பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே” என்று மேலேயிருந்து சத்தமாகச் சொன்னாள். “பின்னாலேருந்து பாத்தா அச்சு அசல் அப்பாவேதான்.”

மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். மகள் பிறந்த நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருந்த மாதிரியார் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் வலது தோளில் தொங்கிய பையின் வாரைப் பிடித்தார்.

“குடும்மா.”

“இருக்கட்டும்பா. எனக்குப் பழகிடுச்சு.”

அவர் விடவில்லை. பையைக் கழற்றி வாங்கித் தன் இடது தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் வரும்வரை அதைக் கீழே வைக்கவே இல்லை.